எச்சிலில் தேடுவது எதை?

போன வருஷம் அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் வழக்கமான சோதனைகளில் சர்க்கரை, உப்பு எல்லாம் வயசுக்கு ஏற்ற மாதிரி ஒழுங்காகவே வந்தன. கடைசி வரியில் மட்டும் 'ஹெபடைடிஸ் சி: ரியாக்டிவ்' என்று இருந்தது. அந்த மருத்துவமனையில் யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. "ஈரல்ல கிருமி இருக்கு, பெரிய டாக்டரப் பாருங்க" என்று தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலையே அப்பத்தாவின் டம்ளர் அடுப்படி அலமாரியிலிருந்து இரண்டாம் கட்டு மாடத்துக்குப் போய்விட்டது. எடுத்து வைத்தது யாரென்று இன்று வரைக்கும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பத்தா அதைப் பார்த்தார், கோபப்படவில்லை. "ஏம்ப்பா, சீக்கு எச்சில்லயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதே வாரம் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பச்சி மகன் போனில் கூப்பிட்டார். "தம்பி, அந்த வயசான உடம்புல மறுபடியும் எதுக்கு ஊசியக் குத்துறீங்க? இப்ப வாயத் துடைச்சே ஹெபடைடிஸ் சி பாக்குற டெஸ்ட் இருக்கே" என்றார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். எச்சிலால் இந்த நோய் பரவாது என்று அப்பத்தாவுக்கு நாங்கள் சமாதானம் சொல்ல வேண்டும். வாயைத் துடைத்தே இந்த நோயைப் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்வதும் சரிதான். எச்சிலில் ஒன்றுமில்லை என்றால் அங்கே எதைத் தேடுகிறார்கள்?

தேடுவது வைரஸை அல்ல. கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டுத் தேடியது வைரஸையே. அந்தப் பழக்கத்தில் வாயில் குச்சி வைத்தாலே கிருமியைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஹெபடைடிஸ் சி வாய்ச் சோதனை தேடுவது, அந்த வைரஸை எதிர்க்க நம் உடம்பு செய்துவைத்த எதிர்ப்புரதங்களை. அவை ரத்தத்தில் இருப்பவை. வாய்க்கு எப்படி வந்து சேர்கின்றன என்பது இந்தச் சோதனையின் ரசமான பகுதி.

நாம் எச்சில் என்று சொல்வது பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் தரும் நீர். அதிலும் எதிர்ப்புரதம் உண்டு, ஆனால் அது வேறு வகை, வாய்க்குக் காவலுக்கென்றே சுரக்கும் ஐ.ஜி.ஏ. ஹெபடைடிஸ் சி சோதனைக்குத் தேவையானது முக்கியமாக ரத்தத்தில் ஓடும் ஐ.ஜி.ஜி. வகை. ஒரு மில்லி ரத்தநீரில் ஐ.ஜி.ஜி. ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருக்கும். அதே அளவு எச்சிலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். சும்மா துப்பிய எச்சிலை எடுத்துச் சோதித்தால் பல நேரம் ஏமாற்றமே மிஞ்சும்.

பல்லும் ஈறும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய இடுக்கு இருக்கிறது. பல் டாக்டர் மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்ப்பாரே, அந்த இடுக்குதான். ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தநீர் வடிகட்டியது போல அதில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்தும் இதே போல் கொஞ்சம் கசியும். நம் ஊரில் மழைக்காலத்தில் பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுமே, தண்ணீர் ஓடுவதைப் பார்க்க முடியாது, தொட்டால் கை நனையும், அப்படி. இந்தக் கசிவில் ஐ.ஜி.ஜி. எச்சிலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் சோதனைக் குச்சியை நாக்கில் வைக்கச் சொல்வதில்லை. மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒரு இழுப்பு என்று தடவச் சொல்கிறார்கள். எச்சில் சோதனை என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் அது ஈறில் கசிந்த ரத்தநீரின் சோதனைதான். அப்பத்தாவின் கேள்விக்கும் அண்ணனின் யோசனைக்கும் இடையில் முரண்பாடு இல்லாமல் போவது இங்கேதான்.

இந்த வழி ஹெபடைடிஸ் சிக்கு மட்டும் வந்ததல்ல. ஹெச்.ஐ.வி.க்கு வாய்நீர் எடுத்துச் சோதிக்கும் சாதனத்துக்கு அமெரிக்காவில் 1994-லேயே அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் தட்டம்மை சந்தேகப்படும் குழந்தைகளின் ஈறைத் துடைத்துத் தபாலில் அனுப்பிச் சோதிக்கும் முறையும் அதே ஆண்டுவாக்கில் தொடங்கியதுதான். ஹெபடைடிஸ் சிக்கு ஓராஷூர் நிறுவனத்தின் ஓராக்விக் என்ற சோதனை அதிகம் பேசப்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இல் அதை நரம்பில் எடுத்த ரத்தத்துக்கும், 2011-இல் விரல்நுனி ரத்தத்துக்கும் ஏற்றுக்கொண்டது. வாய்நீரில் செய்வதற்கு ஐரோப்பா இடம் கொடுத்தது. வீட்டிலேயே தானே செய்துகொள்ளும் சோதனையை 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் ஓராக்விக்கின் சுயசோதனைப் பெட்டிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்றும் கிடைத்தது. ஹெபடைடிஸ் சிக்கான சுயசோதனைக்கு அப்படி ஒரு சான்று கிடைத்தது அதுவே முதல் முறை.

செய்முறை எளிது. ஈறைத் தடவிய குச்சியை அவர்கள் தரும் சின்னக் குப்பியில் உள்ள திரவத்தில் நிறுத்திவைக்க வேண்டும். திரவம் காகிதப் பட்டையில் மெல்ல மேலே ஏறும். பட்டையில் ஒரு கோட்டில் வைரஸின் புரதத் துண்டுகளைப் போலச் செய்யப்பட்ட பொருளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். எதிர்ப்புரதம் இருந்தால் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். கூடவே வரும் நுண்ணிய தங்கத் துகள்கள் அதில் ஒட்டி, கோடு சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரியும். ஆமாம், தங்கம்தான். ஆனால் செட்டிநாட்டுக் கழுத்துருவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தங்கமாகத் தெரியாது, வெற்றிலைக் கறை மாதிரி இருக்கும். 20 நிமிடத்துக்கு முன்னால் பார்க்கக் கூடாது, 40 நிமிடத்துக்கு அப்புறம் பார்த்ததையும் நம்பக் கூடாது. பக்கத்தில் 'சி' என்ற இன்னொரு கோடு கட்டாயம் வர வேண்டும். இந்த 'சி' ஹெபடைடிஸ் சி அல்ல, கன்ட்ரோல். அது வரவில்லை என்றால் சோதனை நடக்கவே இல்லை என்று அர்த்தம். மங்கலாக ஒரு கோடு தெரிந்தால்கூட அது கோடுதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்து, "இது கோடே இல்ல" என்று தள்ளிவிடக் கூடாது.

சோதனைக்கு முன் அரை மணி நேரம் சாப்பிடவோ குடிக்கவோ பல் துலக்கவோ கூடாது. ஈறை மூடும் பல் செட்டைக் கழற்றிவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்தால் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிற எங்கள் வீட்டுப் பெண்டுகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, எவ்வளவு நம்பலாம்? நன்றாக நடத்தப்பட்ட ஆய்வுகளில், எதிர்ப்புரதம் உள்ள நூறு பேரில் சுமார் 98 பேரை வாய்நீரிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ரத்தத்தில் செய்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடமும், வைரஸ் எப்போதோ விலகிப்போய் எதிர்ப்புரதம் மெலிந்துபோனவர்களிடமும் வாய்நீர் கொஞ்சம் கோட்டைவிடும். இது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

எதிர்ப்புரதம் என்பது கல்யாண வீட்டு மொய் ஏடு மாதிரி. யார் வந்தார்கள் என்று அதில் இருக்கும். வந்தவர் இன்னும் பந்தியில் இருக்கிறாரா, கைகழுவிவிட்டு எப்போதோ ஊருக்குப் போய்விட்டாரா என்று ஏடு சொல்லாது. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸ் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் எதிர்ப்புரதம் பல வருஷம், பெரும்பாலும் ஆயுசு முழுக்க, இருக்கும். இதற்கு நேர்மாறாக, போன வாரம் வந்த விருந்தாளியின் பேர் ஏட்டில் ஏறியிருக்காது. தொற்றிய பிறகு எதிர்ப்புரதம் தெரிய 8 முதல் 11 வாரம் ஆகலாம், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தில் தெரிந்துவிடும். ஆகவே வாயைத் துடைத்தாலும் சரி, விரலைக் குத்தினாலும் சரி, கோடு விழுந்தால் அடுத்து ஆர்.என்.ஏ. சோதனை செய்தே ஆக வேண்டும். அதற்கு ரத்தம்தான் வேண்டும். அண்ணனிடம் நான் சொன்னது இதுதான். 'ரியாக்டிவ்' என்றால் எதிர்ப்புரதச் சோதனையில் கோடு விழுந்தது என்றுதான் அர்த்தம். அப்பத்தா ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறார். வாயைத் துடைத்து அதையே இரண்டாம் தடவை படித்து என்ன ஆகப்போகிறது?

இன்னொன்று, கணக்கு. அரசின் தேசிய அளவிலான ரத்தக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஹெபடைடிஸ் சி எதிர்ப்புரதம் உள்ளவர்கள் 0.32 சதவீதம் என்று வந்தது. நம் பக்கத்தில் அதே அளவு என்றே வைத்துக்கொள்வோம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் 10,000 பேரை வரிசையில் நிறுத்தி ஈறைத் துடைக்கிறோம். உண்மையில் எதிர்ப்புரதம் உள்ளவர்கள் சுமார் 30 பேர், அதில் 29 பேருக்குக் கோடு விழும். எதிர்ப்புரதம் இல்லாத 9,970 பேரில் ஆயிரத்துக்கு 5 பேருக்குத் தப்பாகக் கோடு விழுகிறது என்று வைத்தால், அது 50 பேர். மொத்தம் 79 பேரின் டம்ளர் மாடத்துக்குப் போகும். நிஜமாக வைரஸோடு இருப்பவர்கள் அதில் 20 பேர் சுற்றுவட்டம்தான். இதே சோதனையை டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று பத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கக்கூடிய கூட்டத்தில் செய்தால் கதை தலைகீழ். 1,000 பேரில் 98 உண்மைக் கோடுகளுக்கு நாலைந்துதான் பொய்க் கோடு. சோதனை அதேதான், கூட்டம்தான் மாறுகிறது. ஆபரேஷனுக்கு வரும் எல்லாருக்கும் அட்டைச் சோதனை (ரத்தத் துளியை ஒரு அட்டையில் விட்டுக் கோடு பார்ப்பது) போட்டு, விளக்கம் சொல்லாமல் தாளை மட்டும் கையில் கொடுத்தனுப்புவது ஏன் ஆபத்து என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

அப்பத்தா மாதிரி ஒருவருக்கு இது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தோம். ரத்தம் ஏற்றியதில்லை. பச்சை குத்தியதில்லை. ஆனால் ஊசி? அவர் இளவயதில் சைக்கிளில் ஒரு கம்பவுண்டர் வருவாராம். கண்ணாடி சிரிஞ்ச், ஸ்பிரிட் அடுப்பு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. முதல் வீட்டில் நன்றாகக் கொதிக்கவைப்பார். நாலாவது வீட்டுக்குப் போகும்போது சுடுதண்ணீரில் ஒரு முக்கு. "சத்து ஊசி" கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாத வீடு கிடையாது என்று அப்பத்தாவே சிரித்துக்கொண்டு சொன்னார். நன்றாகக் கொதித்தால் இந்த வைரஸ் செத்துவிடும். முக்கி எடுத்தால் சாகும் என்று சொல்ல முடியாது. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் அது 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இதை ஒரு நாடே பெரிய அளவில் அனுபவித்தது. எகிப்தில் நைல் நதித் தண்ணீரால் வந்த நத்தைக் காய்ச்சலை ஒழிக்க 1950களிலிருந்து 1980கள் வரை அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. திரும்பத் திரும்பப் பயன்படுத்திய கண்ணாடி சிரிஞ்சுகள் வழியாக ஹெபடைடிஸ் சி பரவியது. நல்லது செய்யப் போய் வந்த வினை. அப்போது அந்த வைரஸுக்குப் பேர்கூடக் கிடையாது. ஹெபடைடிஸ் ஏ-யும் இல்லை பி-யும் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அதை 1989-இல்தான் மைக்கேல் ஹூட்டனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் அடையாளம் கண்டார்கள். ஹார்வி ஆல்டர், ஹூட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. எகிப்து 2018-19-இல் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்து, தொற்று இருந்தவர்களுக்கு இலவச மாத்திரை கொடுத்தது. அங்கே செய்தது வாய்ச் சோதனை இல்லை, விரல்நுனி ரத்தச் சோதனை. ஆனால் கோடு விழுந்தவரை அதோடு விட்டுவிடாமல் கையோடு அடுத்த சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்பாடுதான் ஜெயித்தது.

அதனால் வாய்ச் சோதனையின் பெருமை ஊசி இல்லை என்பதில் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுத் திண்ணையிலேயே சர்க்கரைக்கு விரலைக் குத்துகிறார்கள். கீரை ஆய்ந்துகொண்டே விரலை நீட்டும் ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். விரல்நுனி ரத்தத்தில் செய்யும் ஹெபடைடிஸ் சி அட்டைச் சோதனை விலையும் குறைவு. டயாலிசிஸ் நோயாளிக்கு எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள், அவர் வாயைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாய்ச் சோதனை உதவுவது வேறு ஆட்களுக்கு. ஊசி போட்டுப் போட்டு நரம்பே கிடைக்காமல் போனவர்கள். குத்திய ஊசியைப் பத்திரமாக அழிக்க வசதியில்லாத இடத்தில் முகாம் போடுகிறவர்கள். ஊசியைப் பார்த்தாலே மயங்கிவிழும் என் சகலை மாதிரி ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ரகசியம் வேண்டியவர்கள். நம் ஊர்களில் ரத்தச் சோதனை நிலையத்தில் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுக்கும் பையன் யாராவது பங்காளி வீட்டுப் பையனாகத்தான் இருப்பான். ராத்திரி எட்டு மணிக்குள் விஷயம் கோயில் வாசலுக்குப் போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு தன் ஈறைத் தானே துடைத்துப் பார்க்க முடிவது, சோதனைக்கே போகாமல் இருந்த ஒரு ஆளைச் சோதிக்க வைக்கும். ஆனால் கோடு விழுந்த பிறகு அந்த ஆளுக்குக் கதவைத் திறந்துகொண்டு போக ஒரு இடமும், பேச ஒரு ஆளும் வேண்டும். அது இல்லாத சுயசோதனை பயத்தை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுவரும்.

போக இடம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அதன் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் ஆர்.என்.ஏ. சோதனையும் மாத்திரையும் இலவசம். ஈரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்ற இரண்டு மருந்து, தினம் ஒரு வேளை, 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸ் முழுசாக ஒழிந்துவிடுகிறது. சோஃபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 84 நாளைக்கு 84,000 டாலர். அதை இங்கே இலவசமாகக் கொடுக்க முடிகிறதென்றால், 2014-இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து அவர்கள் மலிவாகச் செய்ததால்தான். இந்த வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. நாம் போட்டுக்கொள்வது ஹெபடைடிஸ் பி ஊசி, அது இதற்கு உதவாது. ஒரு தடவை குணமானாலும் மறுபடி தொற்றலாம்.

காமாலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஹெபடைடிஸ் சி அப்படி மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு வருவதில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் தெரியாது. தங்கிவிட்ட வைரஸ் இருபது வருஷத்தில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு ஈரலைச் சுருக்கிவிடும். அதற்குள் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும்.

டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். சில ஆய்வுகளில் எச்சிலில் வைரஸின் துணுக்குகள் தென்பட்டதுண்டு. ஆனால் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, டம்ளரைப் பகிர்வதாலோ, கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பதாலோ இந்த நோய் பரவுவதில்லை. பரவுவது ரத்தத்தின் வழியாக. அதனால் வைரஸ் உள்ளவருடைய சவர பிளேடையும் பல் பிரஷ்ஷையும் நகவெட்டியையும் தனியாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் டம்ளரை மாடத்துக்கு அனுப்பியவர்கள் நகவெட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது வழக்கம்போல முகப்பில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். சில நாளில் 'கண்டறியப்படவில்லை' என்று முடிவு வந்தது. எப்போதோ வந்து போன வைரஸா, அட்டைச் சோதனையின் பொய்க் கோடா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அப்பத்தாவின் கண் ஆபரேஷனுக்கு அது தெரியத் தேவையும் இல்லை. டம்ளர் மறுநாள் அலமாரிக்குத் திரும்பியது, இந்த முறையும் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

சிகிச்சை மையத்து டாக்டர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் வந்தாலும், வேறு எதற்குச் சோதித்தாலும், 'ரியாக்டிவ்' என்றே மறுபடி வரலாம். அப்போது இந்த ஆர்.என்.ஏ. தாளைக் காட்டுங்கள் என்றார். அப்பத்தா அதை நாலாக மடித்து, பாலிதீன் பையில் சுற்றி, வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் பாக்குவெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒரு ஓரத்தில் சுண்ணாம்புக் கறை ஏறிவிட்டது. ஜெராக்ஸ் எடுத்துவைக்க வேண்டும்.